மைக்கேல் ஸ்வீட்: எந்த வரிசையில் கேட்பது, அந்த உச்சக் குரலை எப்படிப் பழகுவது?

பழையநாடா:

ஸ்ட்ரைப்பர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ மெட்டல் குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்வீட்டை முதலிலிருந்து வரிசையாகக் கேட்கலாம் என்று பார்த்தால், கிடைக்கும் விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதல் பதிவில் 6 பாட்டு என்று ஓரிடத்தில் இருக்கிறது, 8 என்று இன்னோரிடத்தில். 1986 ஆல்பத்துக்கு இரண்டு விதமான அட்டை. 1992-ல் விலகிவிட்டார் என்கிறார்கள், ஆனால் 2005-ல் ஆல்பம் வந்திருக்கிறது. நடுவில் பாஸ்டன் என்ற ராக் குழுவிலும் பாடியிருக்கிறார்.

எதில் தொடங்கி எப்படிப் போவது, எதை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, அவர் மேல் ஸ்தாயியில் பாடும் இடங்களைப் பழக என்ன வழி? அந்த இடம் வந்தாலே கழுத்து இறுகிச் சத்தம் அடைக்கிறது, மறுநாள் குரல் கம்முகிறது. கள்ளக்குரலில் போனால் மெலிந்து காற்றாகிவிடுகிறது. அவர் குரல் இரண்டு மாதிரியும் இல்லை. அது என்ன குரல்?

வரிசைஎண்:

6-ம் சரி, 8-ம் சரி, சகோ. "த எல்லோ அண்ட் பிளாக் அட்டாக்" 1984 ஜூலையில் எனிக்மா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக வந்தபோது 6 பாட்டுதான். 1986-ல் மறுபடி வெளியிட்டபோது 2 சேர்த்து 8 ஆக்கினார்கள். அட்டை விஷயமும் அப்படித்தான். "டு ஹெல் வித் த டெவில்" முதலில் வந்தபோது நான்கு தேவதூதர்கள் சாத்தானைத் தள்ளிவிடுகிற ஓவியம் அட்டையில் இருந்தது. அதற்கு எதிர்ப்பு கிளம்பியதும் கறுப்புப் பின்னணியில் குழுவின் பெயர் மட்டும் உள்ள அட்டைக்கு மாறினார்கள். உள்ளே இருக்கும் பாட்டுகள் அதேதான், எந்த அட்டை கிடைத்தாலும் வாங்கலாம்.

ஆளைப் பற்றி. 1963 ஜூலை 4, கலிபோர்னியாவின் விட்டியரில் பிறந்தவர். டிரம்ஸ் வாசிக்கும் ராபர்ட் ஸ்வீட் இவருடைய அண்ணன். 1975-ல், மைக்கேலுக்கு 12 வயது இருக்கும்போது, ஜிம்மி ஸ்வாகர்ட்டின் தொலைக்காட்சிப் பிரசங்கம் வழியாகக் குடும்பம் விசுவாசத்துக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து இவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தவரும் அதே ஸ்வாகர்ட்தான். மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகளைக் கூட்டத்துக்குள் வீசுவது அவர்கள் வழக்கம், பன்றிகள் முன் முத்துகளைப் போடுகிறார்கள் என்றார் அவர். குழு முதலில் ராக்ஸ் ரெஜீம் என்ற பெயரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மேடைகளில் வாசித்தது. கிட்டாரில் ஆஸ் ஃபாக்ஸும் பாஸில் டிம் கெய்ன்ஸும் சேர்ந்து ஸ்ட்ரைப்பர் என்று ஆனபோது மைக்கேலுக்கு வயது 20 சொச்சம்.

கேட்கத் தொடங்க வேண்டியது முதல் பதிவு இல்லை, 1985-ல் வந்த "சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்". தயாரித்தவர் மைக்கேல் வாகனர். கிட்டார் கூர்மையாக இருக்கும், குரல் பின்னால் புதைந்துபோகாது. அதற்கு அடுத்தது 1986 ஆல்பம். பத்து லட்சம் பிரதியைத் தாண்டிய முதல் கிறிஸ்தவ மெட்டல் ஆல்பம் அது. அதிலிருந்து "ஆனஸ்ட்லி" என்ற மெதுவான பாட்டு பில்போர்டின் 100 பட்டியலில் 23-ஆம் இடம் வரை ஏறியது. பலர் அந்தப் பாட்டோடு நின்றுவிடுகிறார்கள், அதனால் இவர் மென்மையான பாட்டுக்காரர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நிற்காதீர்கள்.

1988-ன் "இன் காட் வி ட்ரஸ்ட்" இரண்டாம் சுற்றுக்குப் போகட்டும். கீபோர்டு அதிகம், பளபளப்பு அதிகம். 1990-ன் "அகெய்ன்ஸ்ட் த லா" முக்கியம். டாம் வெர்மன் தயாரிப்பு. அதுவரை போட்டுவந்த மஞ்சள் கறுப்பு உடை போய்விட்டது, பாட்டில் தேவனுடைய பெயர் ஏறக்குறைய இல்லை. அதைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள் உண்டு, ஆனால் பாடகராக மைக்கேல் சுதந்திரமாக, சற்றுக் கரடுமுரடாகப் பாடிய ஆல்பம் அதுதான். அதற்கப்புறம் எனிக்மா நொடித்தது. 1991-ல் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் பழைய பாட்டுகளோடு 2 புதியதைச் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டது. 1992-ல் மைக்கேல் விலகினார். 1994-ல் தன் பெயரிலேயே ஒன்று, 1995-ல் "ரியல்", 2000-ல் "ட்ரூத்" என்று தனி ஆல்பங்கள் வந்தன. அவற்றை ஸ்ட்ரைப்பர் காதோடு கேட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

2003-ல் மறுபடி கூடிச் சுற்றுப்பயணம், 2005-ல் "ரீபார்ன்". 2007 மார்ச்சில் பாஸ்டன் குழுவின் பாடகர் பிராட் டெல்ப் இறந்தார். அந்த ஆகஸ்டில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் பாடிய மைக்கேல் அந்தக் குழுவிலேயே சேர்ந்து, 2008 பயணத்தில் இன்னொரு பாடகர் டாமி டிகார்லோவோடு பாடல்களைப் பகிர்ந்துகொண்டு, 2011-ல் வெளியே வந்தார். ஸ்ட்ரைப்பரை அவர் விடவில்லை, இரண்டும் ஒரே சமயத்தில் ஓடின. 2009 மார்ச்சில் மனைவி கைல் சினைப்பைப் புற்றுநோயால் காலமானார். அதே வருஷம் வந்த "மர்டர் பை ப்ரைட்" ஆல்பத்தைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ்டனின் பழைய பாட்டு ஒன்றும் இருக்கிறது, கிட்டார் வாசித்திருப்பவர் பாஸ்டனின் டாம் ஷோல்ஸ்.

இனி உங்கள் இரண்டாம் கேள்விக்கு உதவுகிற விஷயம். 2013 மார்ச்சில் "செகண்ட் கமிங்" வந்தது. முதல் மூன்று பதிவுகளிலிருந்து 14 பாட்டுகளைப் புதிதாகப் பாடி வாசித்து, 2 புதுப் பாட்டும் சேர்த்தார்கள். 1985-ல் 20 சொச்சம் வயதுக் குரல், 2013-ல் 49 வயதுக் குரல், பாட்டு ஒன்றே. ஒரு வரி இதில், அதே வரி அதில் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். அவரைப் பற்றி எந்தக் கட்டுரையும் இவ்வளவு சொல்லாது. அந்த வருஷக் கடைசியில் வந்த "நோ மோர் ஹெல் டு பே"தான் இரண்டாம் காலத்துக்கு நல்ல வாசல். அங்கிருந்து "ஃபாலன்" 2015, "ஈவன் த டெவில் பிலீவ்ஸ்" 2020, "த ஃபைனல் பேட்டில்" 2022 என்று போகலாம். கிட்டார் பிடிக்குமென்றால் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் லிஞ்சோடு சேர்ந்த ஸ்வீட் அண்ட் லிஞ்சின் 2015 ஆல்பத்தை விடாதீர்கள்.

மூச்சுக்கணக்கு:

குரல் கேள்விக்கு வருகிறேன். கழுத்து இறுகுவதற்கு உயரம் காரணம் இல்லை. கீழ்ஸ்தாயியில் பேசுகிற கனமான குரலை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போவதுதான் காரணம். ஆண் குரலில் நடு சி-க்கு மேலுள்ள ஈ-யிலிருந்து ஜி வரை, அதாவது சுமார் 330 முதல் 392 ஹெர்ட்ஸ் வரை, ஒரு மாறுமிடம் இருக்கிறது. அதற்குக் கீழே குரல்நாண் தடித்து, முழு அகலமும் ஒட்டி அதிரும். மேலே போகப் போக அது நீண்டு மெலிய வேண்டும். மெலிய விடாமல் காற்றைக் கூட்டித் தள்ளினால், தொண்டையைச் சுற்றியுள்ள விழுங்கும் தசைகள் உதவிக்கு வந்துவிடும். அதுதான் நீங்கள் சொல்லும் அடைப்பு. கள்ளக்குரலில் நாண் மெலிகிறது, ஆனால் சரியாக மூடவில்லை. இடைவெளியில் காற்று கசிகிறது. ஸ்வீட் பாடுவது இரண்டுக்கும் நடுவில்: மெலிந்த நாண், உறுதியான மூடல், ஒலி முகத்தின் முன்பக்கம் கூராக ஒலிப்பது. பலத்தால் வருவதில்லை. அவர் உச்சத்தில் பாடும் காணொளியில் கழுத்து நரம்பைப் பாருங்கள், புடைத்துக்கொண்டு நிற்காது.

பழகும் முறை. 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளையுள்ள உறிஞ்சுகுழல் ஒன்று, பாதி தம்ளர் தண்ணீர். குழலை 2 அல்லது 3 சென்டிமீட்டர் முக்கி, "ஊ" என்று ஒலித்தபடி கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிப் போங்கள். 5 நிமிடம் போதும். தண்ணீரின் எதிரழுத்தம் நாண்கள் மோதும் வேகத்தைக் குறைக்கிறது, ஆனால் மூடலைக் கெடுப்பதில்லை. குமிழியைக் கவனியுங்கள். மாறுமிடத்தில் குமிழி நின்றால் தொண்டையைப் பிடித்துவிட்டீர்கள், தண்ணீர் தெறித்தால் காற்றைத் தள்ளுகிறீர்கள். சீராகக் கொதிக்கும் உலை மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்தது "ங்". வாய் திறந்தே இருக்க, நாக்கின் பின்பக்கம் மேலே ஒட்டி, "ங்" என்று அதே வழுக்கல். அதற்கப்புறம் "ஞே ஞே". சின்னப் பிள்ளைகள் பழிப்புக் காட்டும்போது வருமே, அந்தக் கூர்மையான சத்தம். கேட்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, மூடலைக் கற்றுத்தருவது அதுதான். ச-க-ப-க-ச என்று ஐந்து சுரம், ஒவ்வொரு முறையும் அரை படி ஏற்றுங்கள். சத்தம் பேச்சு அளவுக்கு மேல் வேண்டாம். "ஞே" சுத்தமாக வரும் உயரத்தில் "நோ", பிறகு "ஓ", பிறகுதான் பாட்டின் சொல். இந்த வரிசையை மாற்றி நேராகப் பாட்டுக்குப் போவதால்தான் முக்கால்வாசிப் பேருக்குத் தொண்டை கெடுகிறது.

உயிரெழுத்தில் ஒரு நுட்பம் உண்டு. மேலே போகும்போது "ஆ"-வை விரியத் திறந்தால் கனமான குரல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதைச் சற்று "ஓ" பக்கம் குவியுங்கள். "ஈ"-யை "எ" பக்கம் தளர்த்துங்கள். ஆங்கிலத்தில் "ஃபைட்", "லைட்" மாதிரிச் சொற்களில் "ஐ" இருக்கிறதே, அது உண்மையில் "ஆ"-வும் "இ"-யும். நீட்டவேண்டியது "ஆ", "இ" கடைசி நொடியில் மட்டும் வர வேண்டும். "இ"-க்குச் சீக்கிரமாகப் போனால் நாக்கு எழும்பும், தாடை மூடும், சுரம் தொண்டையில் மாட்டும். "செகண்ட் கமிங்" கேட்கும்போது நீட்டல்களை இந்தக் காதோடு கேளுங்கள்.

பாட்டை மூல சுருதியில் தொடங்க வேண்டாம். 4 அரைப்படி, அதாவது 2 கட்டை இறக்கி, பாதிச் சத்தத்தில். மூன்று நாள் தொடர்ந்து சிரமமில்லாமல் வந்தால் அரைப்படி ஏற்றலாம். ஒரு நாளைக்கு 20 நிமிடமாக இரண்டு வேளை. ஒரே மூச்சில் 40 நிமிடம் வேறு, இது வேறு.

நிறுத்தவேண்டிய அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். வலி வந்தால் அன்றைக்கு முடிந்தது. காலையில் எழுந்ததும் உயர்ந்த சுருதியில், மிகச் சன்னமாக, ஒரு சின்ன மெட்டைப் பாடிப் பாருங்கள். சத்தம் உடனே பிறக்காமல் முதலில் காற்று மட்டும் வந்தால் நாண் வீங்கியிருக்கிறது, அன்றைக்கு ஓய்வு. உரக்கப் பாடினால் வீக்கம் தெரியாது, சன்னத்தில்தான் காட்டிக்கொடுக்கும். கம்மிய குரல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் நாணை நேரடியாகப் பார்த்தாக வேண்டும். கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது. அடிக்கடி கனைப்பதும் நாண்களை மோதவைக்கும், அதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள். ஆஸ்பிரின் மாதிரி இரத்தத்தை இளக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உச்சத்தில் கத்தினால் நாணுக்குள் இரத்தம் கசியும் ஆபத்து அதிகம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள், மேலேறும் வயிற்று அமிலம் நேராக நாண்மேல்தான் படுகிறது.

உறுமல் பாட்டு வேறு கணக்கு. ஆஸ்திரேலியாவின் மார்டிஃபிகேஷன் குழுவில் ஸ்டீவ் ரோ பாடியது போன்ற குரலில், உண்மை நாண்களுக்கு மேலேயிருக்கும் பொய் நாண்களும் சேர்ந்து அதிர்கின்றன. அதையும் ஸ்வீட்டின் சுத்தமான உச்சத்தையும் ஒரே நாளில் பழகாதீர்கள்.

பழையநாடா:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். "செகண்ட் கமிங்"கையும் பழையதையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் ஒரு சந்தேகம். பல்லவியில் ஒருவர் பாடுகிற மாதிரியே இல்லை, பத்துப் பேர் மாதிரி இருக்கிறது. அதை ஒற்றைக் குரலில் பழகினால் வெறுமையாகத் தெரிகிறது. வீட்டில் பதிவு செய்து அப்படி அடுக்க முடியுமா? மேடையில் மைக்கை எப்படிப் பிடிப்பது?

பதிவுமேசை:

முடியும். ஸ்ட்ரைப்பர் பல்லவி என்பதே அடுக்கு ஒத்திசை (ஹார்மனி)தான், மைக்கேலும் ஆஸ் ஃபாக்ஸும் சேர்ந்து எழுப்புகிற சுவர் அது. வீட்டில் செய்ய, முதன்மைக் குரல் ஒரு தடம், நடுவில். மேல் ஒத்திசையை இரண்டு தடவை தனித்தனியாகப் பாடி, ஒன்றை இடக்கோடி, ஒன்றை வலக்கோடி வையுங்கள். கீழ் ஒத்திசையும் அப்படியே இரண்டு. மொத்தம் 5 தடம். ஒரே தடத்தைப் படியெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் கிடைக்காது, நடுவில் சத்தம்தான் கூடும். இரண்டு தடவை பாடும்போது வரும் நுண்ணிய வேறுபாடுதான் அகலம்.

இதில் கெடுவது மெய்யெழுத்து. ஐந்து தடத்திலும் "ஸ்"-ஸும் "ட்"-டும் முன்னே பின்னே விழுந்தால் இயந்திரத்துப்பாக்கி மாதிரிக் கேட்கும். முதன்மைத் தடத்தில் மட்டும் அவற்றை முழுசாகச் சொல்லுங்கள். மற்ற நான்கில் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுங்கள், உயிரோடு முடியட்டும். தொடக்கங்கள் 30 மில்லிவினாடிக்கு மேல் விலகினால் வெட்டி நகர்த்துங்கள், அதற்குள் இருந்தால் தொடவேண்டாம். ஒத்திசைத் தடங்களில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கலங்கல் போய்விடும். நடுக்கமும் (விப்ராட்டோ) முதன்மைக் குரலுக்கு மட்டும்தான். ஒத்திசையில் நேர்க்குரல். ஐந்து பேரும் நடுங்கினால் சுருதி எது என்றே தெரியாது.

மேடை. மைக்கின் உருண்டைத் தலையைக் கையால் மூடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்க வேண்டிய மைக், பின் துளைகள் அடைபட்டதும் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், உடனே ஊளையிடும். சாதாரணமாக 3 முதல் 5 சென்டிமீட்டர், உச்சத்தில் 10 முதல் 15 வரை விலக்குங்கள். தூரம் இரட்டித்தால் மட்டம் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். பாடகருக்கு அவர் குரலையே கேட்கவைக்கும் மானிட்டர் பெட்டி மைக்கின் வாலுக்கு நேராக இருக்கட்டும், மைக் காது கொடுக்காத திசை அதுதான். முக்கியமாக, தன் குரல் தனக்குக் கேட்காதபோது யாராக இருந்தாலும் தானாகவே கத்துவார். மேடையில் தொண்டை கிழிவதற்குப் பயிற்சிக் குறையை விட மானிட்டர் குறைதான் காரணமாக இருக்கும். முதலில் கிட்டார் ஆம்ப் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இரட்டைத்தந்தி:

மைக்கேலைப் பாடகர் என்று மட்டும் பேசுவது நியாயமில்லை. அவர் லீட் கிட்டாரும் வாசிப்பவர், ஆஸ் ஃபாக்ஸோடு சேர்ந்து வாசிக்கும் இரட்டைக் கிட்டார் வரிகள் அவர்களின் பாதி அடையாளம். அதைப் பழகுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, முதல் கிட்டார் வாசிப்பதை எல்லா இடத்திலும் 4 அரைப்படி தள்ளி வாசிப்பது. புளித்துப்போகும். ஈ மைனரில் ஈ-க்கு மேல் மூன்றாம் சுரம் ஜி, 3 அரைப்படி. எஃப் ஷார்ப்புக்கு ஏ, அதுவும் 3. ஜி-க்கு பி, அது 4. ஏ-வுக்கு சி, 3. பி-க்கு டி, 3. சி-க்கு ஈ, 4. டி-க்கு எஃப் ஷார்ப், 4. இந்த 3-3-4-3-3-4-4 கையில் ஊறும்வரை வேகம் வேண்டாம்.

தந்தியை வளைக்கும் இடத்தில்தான் கவனம் தேவை. முதல் கிட்டார் எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு வளைத்தால் அது அரைப்படி. அதே நேரம் இரண்டாம் கிட்டார் ஏ-விலிருந்து பி-க்குப் போக வேண்டும், முழுப்படி. இரண்டு பேரும் ஒரே அளவு வளைத்தால் இரண்டாமவர் பி ஃப்ளாட்டில் நிற்பார், காதில் முள் குத்தும். வளைவின் அளவு வேறு, ஆனால் போய்ச்சேரும் நேரம் ஒன்று. ஒருவர் வாசிப்பதைப் பதிவு செய்து, அடுத்தவர் அதன்மேல் வளைவை மட்டும் இருபது தடவை வாசித்துப் பாருங்கள். நடுக்கத்தின் வேகமும் ஒன்றாக வேண்டும்.

சுருதியை இறக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், குரலோடு நேரடித் தொடர்பு உள்ளது. பாடகருக்காக அரைப்படி இறக்கினால் தந்தியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், முழுப்படிக்குச் சுமார் 21. 9 கனத் தந்தி (மேல்தந்தி 0.009 அங்குலத் தடிமன்) முழுப்படி இறக்கத்தில் தொளதொளவென்று ஆகி, அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். 10 கனத்துக்கு மாறினால், முழுப்படி இறக்கத்திலும் மேல்தந்தியின் விறைப்பு 9 கனம் சாதாரணச் சுருதியில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அரைப்படிக்கு 9.5 கனம் போதும். கைப்பிடியால் அசையும் மிதக்கும் ட்ரெமலோ பாலம் என்றால் இழுவிசை குறைந்ததும் பாலம் பின்னால் சாயும், தந்தி ஃப்ரெட்டில் உரசும். பின்பக்க ஸ்பிரிங் திருகுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் ஆறு தந்தியையும் மறுபடி சுருதி கூட்டுங்கள். மூன்று நான்கு சுற்று ஆகும். ஒரு தந்தியைத் தொட்டால் மற்ற ஐந்தும் நகரும், அவசரப்பட்டால் முடியவே முடியாது. கடைசியாக 12-ஆம் ஃப்ரெட்டில் சுரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள்.

இறக்குவதை வெட்கமாக நினைக்க வேண்டாம். அரைப்படி என்பது பாடகருக்கு ஒரு நிகழ்ச்சியில் நூற்றுக்கணக்கான சுரங்களில் கிடைக்கும் நிம்மதி.

வசனம்காண்:

பாட்டு, குரல் எல்லாம் பேசியாயிற்று, பெயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குழுவின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் ஏசாயா 53:5 இருக்கும். நம் வேதாகமத்தில் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று வாசிக்கிறோம். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருக்கும் சொல் "ஸ்ட்ரைப்ஸ்". சவுக்கடியில் உடம்பில் எழும் வரித்தடிப்புக்கும் அந்தச் சொல்தான், துணியில் ஓடும் வண்ணப் பட்டைக்கும் அந்தச் சொல்தான். அதனால்தான் மஞ்சள் கறுப்புப் பட்டை உடை, பட்டை போட்ட கிட்டார், பட்டை போட்ட டிரம்ஸ். தமிழில் தழும்பு என்று படிக்கிற நமக்கு அந்த இணைப்பு தெரிவதில்லை, வேஷம் என்று நினைத்துவிடுகிறோம். அவர்கள் உடம்பில் போட்டுக்கொண்டது ஒரு வசனம். 1990-ல் அந்தப் பட்டைகளைக் கழற்றியபோது ரசிகர்கள் ஏன் அவ்வளவு நொந்தார்கள் என்பதும் இதிலிருந்துதான் விளங்கும்.

ஆல்பப் பெயர்களையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். 1986 பெயர் சாத்தானை நரகத்துக்கே போ என்று அனுப்புவது, அவனை வாழ்த்துவது இல்லை. 2018-ன் "காட் டேம் ஈவில்" வசைச்சொல் மாதிரிக் கேட்கிறது. அதை விண்ணப்பமாகப் பிரித்துப் படியுங்கள்: தேவனே, தீமையை ஆக்கினைக்குள்ளாகத் தீரும். இரண்டு முறையும் பெயரை மட்டும் பார்த்தவர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள்.

வரிசைஎண் விட்டுவிட்ட ஒன்று: 2014-ல் அவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதன் பெயரும் "ஆனஸ்ட்லி" என்றுதான் தொடங்கும். 1990 வாக்கில் குழுவுக்குள் குடி நுழைந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். "அகெய்ன்ஸ்ட் த லா"வைக் கேட்ட பிறகு அதைப் படித்தால் பல இடங்கள் துலங்கும்.

வரிசைஎண்:

சரியாகச் சொன்னீர்கள், நூலை விட்டுவிட்டேன். அதோடு என் பதிவில் ஒரு திருத்தம். டிம் கெய்ன்ஸ் குழுவின் பாஸ் வாசிப்பவர் என்று எழுதியதை வைத்து, 1986 ஆல்பத்திலும் அவர்தான் வாசித்தார் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த ஒலிப்பதிவில் பாஸ் வாசித்தவர் பிராட் காப். படங்களிலும் மேடையிலும் கெய்ன்ஸ் இருப்பதால் எல்லோரும் தவறாகவே எழுதுகிறார்கள். 2005-ன் "ரீபார்ன்" காலத்தில் ட்ரேஸி ஃபெர்ரி, நடுவே கெய்ன்ஸ் திரும்பி வந்தார், 2017-லிருந்து ஃபயர்ஹவுஸ் குழுவில் இருந்த பெர்ரி ரிச்சர்ட்சன். மைக்கேல், ராபர்ட், ஆஸ் மூவரும் மாறாததால் ஒலி மாறவில்லை என்று தோன்றும். ஆனால் 2018-க்குப் பின் வந்த ஆல்பங்களில் பல்லவி இன்னும் தடித்திருப்பதைக் கேட்கலாம், ரிச்சர்ட்சன் பாடவும் செய்வார்.

பழையநாடா:

பிராட் காப் பெயரைக் குறித்துக்கொண்டேன். உறிஞ்சுகுழல் பயிற்சியில் ஒன்று மட்டும்: மாறுமிடத்தில் குமிழி நிற்கிறது. தண்ணீர் ஆழத்தைக் குறைக்கலாமா?

மூச்சுக்கணக்கு:

குறைக்கலாம் சகோ, 1 சென்டிமீட்டருக்கு வாருங்கள். அப்போதும் நின்றால் குழலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு வெறும் குழலிலேயே வழுக்குங்கள். கன்னம் லேசாக உப்பியிருக்கட்டும், உதடு குழலைக் கடிக்க வேண்டாம். மேலிருந்து கீழே வருவதை முதலில் சரிசெய்யுங்கள், கீழிருந்து மேலே போவது அதைவிடக் கடினம். மேலே மெலிந்த குரலில் தொடங்கி இறங்கும்போது அந்த மெலிவை ஈ-க்குக் கீழேயும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு வாரத்தில் குமிழி நிற்கும் இடம் ஓரிரு அரைப்படி மேலே நகரும். நகர்ந்த பிறகு மறுபடி 2 சென்டிமீட்டர்.